நான் சேர்த்த மூன்று கட்டளைகள்

தேத்தண்ணிக்குச் சீனி காணாவிட்டால் சொல்லுங்கள், மகள். எனக்கு நீரிழிவு, இந்தச் சீனி வருத்தம், வந்த நாளில் இருந்து இந்த வீட்டில் எல்லோருடைய தேத்தண்ணியும் கசக்கிறது.

என்னுடைய எழுபதாவது அகவை மலருக்குக் கட்டுரை என்று சொன்னீர்கள். ‘கணினித் தமிழுக்கு மட்டக்களப்பின் கொடை’ என்று தலைப்பும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். தலைப்பு முதலில், ஆள் பிறகு. நல்ல முறைதான். ஆனால் உள்ளே, தெய்வமணி ரீச்சர் சேர்த்த கட்டளை ஒன்று என்று எழுதியிருக்கிறது. ஒன்று இல்லை, மூன்று. நான் கணக்கு ரீச்சர். எண்ணிக்கை பிழையாக அச்சில் போவது எனக்குப் பிடிக்காது. குரல் பதிகிற அந்தச் சின்ன மிஷினை இன்னும் கொஞ்சம் இஞ்சால தள்ளி வையுங்கள்.

சுனாமி என்று கடல் வந்து போன அடுத்த மாசியில் ஒரு நிவாரண நிறுவனத்தில் சேர்ந்தேன். பள்ளிக்கூடமெல்லாம் முகாம் ஆகிவிட்டதால் ரீச்சர்மாருக்கு வேலை இருக்கவில்லை. எனக்கு சி என்கிற கணினி மொழியில் எழுதத் தெரியும். ஆரையம்பதியில் அந்த நேரம் அது நாய்க்குக் கிடைத்த தேங்காய். நிறுவனத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் புறோகிறாம் ஒன்று கொண்டுவந்தார். யாருக்கு வீடு, யாருக்குத் தோணி, யாருக்குத் தையல் மெஷின் என்று அது சொல்லும். அதன் வயிற்றுக்குள் இன்னொரு சின்ன மொழி இருந்தது. கள உத்தியோகத்தர்கள் அதில்தான் விதி எழுதுவார்கள். கடலில் இருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு இருந்தால் பத்துப் புள்ளி, விதவை என்றால் ஐந்து, இப்படி. இன்டர்பிரிட்டர் என்கிற பகுதி அதை வரிவரியாக வாசித்து, சொன்னதைச் செய்யும். வாசிக்கும், யோசிக்காது. முக்கால்வாசி உத்தியோகத்தரும் அப்படித்தான். ஆனபடியால் இரண்டு பக்கமும் நன்றாக ஒத்துப்போனது.

அந்த மொழிக்குப் புதிதாக ஒரு கட்டளை சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. சி-யில் ஒரு பங்ஷன் எழுத வேண்டும். அது கேள்வியை வாங்கி விடையைத் திருப்பித் தர வேண்டும். பிறகு இன்டர்பிரிட்டர் எழும்ப முன்னம் அதன் அட்டவணையில் ஒரு பெயரைப் பதிந்து, அந்தப் பெயரை பங்ஷனோடு கட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். அன்றில் இருந்து அந்தச் சொல், மொழி பிறந்த நாளே கூடப் பிறந்தது போல எல்லோர் கையிலும் புழங்கும். வெளியே பெயர் மட்டும்தான் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை. இதைக் கட்டாயம் போடுங்கள். மாணவருக்குப் பயன்படும்.

முதலாவது கட்டளை ‘தாய்வீடு’. அதுதான் உங்களுக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரரின் புறோகிறாமில் குடும்பத் தலைவர் என்றால் ஆம்பிளை. வீட்டு உறுதிப் பத்திரம் அவர் பெயரில் வரும். எங்கள் பக்கம் வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுகிறவர். நான் இதை விளங்கப்படுத்த, “அப்படியென்றால் ஆண்களுக்கு வீடே இல்லையா?” என்று வெள்ளைக்காரர் கவலைப்பட்டார். பக்கத்து மேசையில் காத்தான்குடி முனாப் இருந்தார்.

“இரிக்கி சேர், பொஞ்சாதிட ஊடு. எங்கட ஊருலயும் அப்பிடித்தான். சண்ட வந்தா ஆரு வெளிய போறதெண்டு ஊட்டுல பூனைக்கும் தெரியும்.”

‘தாய்வீடு’ ஒரு குடும்ப இலக்கத்தை வாங்கும். தாயைப் பார்க்கும். அவளுடைய பெண்பிள்ளைகளை வயதுப்படி அடுக்கும். தாய் பெயரில் உறுதி, பிறகு மகளுக்கு என்று விடை தரும். நானூறுக்கு மேலே உறுதிகள் அப்படிப் பெண்கள் பெயரில் வந்தன. வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் செயலமர்வு வைத்து, ‘பண்பாட்டு நுண்ணுணர்வு’ என்று பனர் கட்டி, எனக்கு ஒரு சான்றிதழும் தின்ன இரண்டு றோல்ஸும் தந்தார்கள். சான்றிதழ் அந்தா, சுவரில். வந்த உடனே நீங்கள் படம் எடுத்தது அதைத்தான்.

அந்தக் கைதட்டலில் ஒருவரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. எந்த வீட்டில், எந்த வயதில், எத்தனை பிள்ளைகள், இப்போது எந்த முகாமில் எந்தக் கொட்டிலில் என்று ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த ஒரே இடம் என்னுடைய மேசை.

கவனித்தவர் நல்லரத்தினம். முந்திச் சங்கக்கடை மனேச்சர். பிறகு ஆயுதக்காரருக்கு ஆள் சேர்க்கிறவர். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். அந்த வருடங்களில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் செருப்போடுதான் படலையைத் திறந்தது.

“ரீச்சர், வீட்டுக்கு ஒராள். இது மேலிடத்துக் கதை. நாங்க வீடு வீடா ஏறினா சனம் குழறும், நமக்கும் மரியாதையில்ல. நீங்க ஒரு லிஸ்ட் தந்தீங்கெண்டா ஒழுங்கா முடிஞ்சிரும்.”

“தராட்டி?”

“தராட்டி ஒழுங்கில்லாம முடியும்.”

நான் ஒழுங்கின் பக்கம் நின்றேன். இருபத்தைந்து வருடம் வகுத்தல் படிப்பித்தவள் வேறெங்கே நிற்பது? இரண்டாவது கட்டளைக்குப் ‘பங்கு’ என்று பெயர் வைத்தேன். ஒற்றைப் பிள்ளை உள்ள வீட்டை அது விட்டுவிடும். இரண்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டில் மூத்ததை எடுக்கும். ஒரு வீட்டை இரண்டு தரம் தொடாது. விதி முழுவதும் நானே வகுத்தது. நல்லரத்தினமே கேட்டுவிட்டு, “அட, நியாயமாத்தான் கிடக்கு” என்றார்.

ஒரு நாள் பகல் சோற்றுக்குப் பிறகு ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் குடும்பம் 117. பெயர் கலாஜினி, வயது பதினேழு. என்னுடைய மூத்த மகள். இளையவள் சர்மிலா வீட்டில் இருப்பதால் விதிப்படி மூத்தவள் போக வேண்டும். கட்டளையில் பிழை இருக்குமா என்று தேடினேன். இருக்கவில்லை.

118ஆம் குடும்பம் என் மச்சாள் சின்னத்தங்கம், தம்பியின் மனைவி. கடல் வந்த நாலாம் நாள் பதிவு நடந்தபோது, பள்ளிக்கூடத்து வரிசையில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தவள் அவள்தான். நான் போனதும் தன் இடத்தையே விட்டுத் தந்தாள்.

“நீ முன்னால நில்லுகா மச்சாள். உன்ட கையில ரெண்டு புள்ளயள் நிக்குது.”

அவள் கையில் ஒன்று நின்றது, வதனி. அவளுக்கு இளையவன் சிவதர்சனையும் என் தம்பியையும் கடல் கொண்டுபோயிருந்தது. அப்படித்தான் நான் 117, அவள் 118.

நான் இரண்டு வரி சேர்த்தேன். 117 வந்தால் 118 என்று எடுத்துக்கொள். அது முதல் வரி. ஒற்றைப் பிள்ளை வீடுதானே, தப்பியிருக்குமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கெட்டிக்காரி. பதிவில் இரண்டு பிள்ளைகள் இருந்தன. நட்டஈட்டு விண்ணப்பத்துக்காகச் சிவதர்சனின் பெயரை எடுக்காமல், பக்கத்தில் இறந்தவர் என்று ஒரு குறி போட்டிருந்தோம். 118க்கு மட்டும் அந்தக் குறியைப் பார்க்காதே என்பது இரண்டாவது வரி. மற்ற முப்பது பெயரும் விதிப்படிதான் வந்தன. அவற்றில் நான் கை வைக்கவில்லை.

வதனி என் தம்பியின் மகள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்களுக்குக் குடி, அதாவது வம்சம், தாய்வழி. அவள் சின்னத்தங்கத்தின் குடி. என் குடி என் பெண்பிள்ளைகளோடுதான் போகும். இது நான் அன்று மத்தியானம் கண்டுபிடித்த சட்டம் இல்லை, ஊர் வழக்கு. அந்தா தொங்குகிற சான்றிதழ் தந்ததும் இதே வழக்குக்குத்தான்.

அடுத்த வியாழக்கிழமை, ரியூசன் விட்டு வருகிற வழியில் வதனியை ஏற்றிக்கொண்டு போனார்கள். சின்னத்தங்கம் ஓடி வந்தது என்னிடம்தான்.

“மச்சாள், ஒத்தப் புள்ள வீட்ட விடுறெண்டுதானே சொன்னாங்க? அவங்கட லிஸ்ட்ல எனக்கு ரெண்டு எண்டு கிடக்காம். ஆருகா அப்பிடி எழுதினது? என்ட செத்த புள்ளய ஆருகா எண்ணினது?”

அவளை இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அப்போது எனக்குச் சீனி வருத்தம் இல்லை. நல்ல இனிப்பாகவே கொடுத்தேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? மூன்றாவதுதான் தொழில்நுட்பத்தில் நல்லது.

இரண்டாயிரத்தொன்பது வைகாசியில் சண்டை எல்லாம் முடிந்தது என்று வெடி கொளுத்தினார்கள். மறுகா வடக்கில் இருந்து பட்டியல்கள் வந்தன. முகாம், தடுப்புக் காவல், ஆஸ்பத்திரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில். அதற்குள் ஆளைக் கண்டுபிடிக்க ‘தேடு’ என்று ஒரு கட்டளை எழுதினேன். குடும்ப இலக்கத்தைக் கொடுத்தால், பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும் ஆளைப் பிடித்துத் தரும். முதல் கிழமையிலேயே பதினான்கு பேரைப் பிடித்தது. பதினான்கு தாய்மார் வந்து என் கையைப் பிடித்து அழுதார்கள். அதை நீங்கள் விரிவாகவே எழுதலாம்.

ஆனால் நான் முதன்முதலில் கொடுத்துப் பார்த்த இலக்கம் 118. வதனி, வயது இருபது, வடக்கில் ஓர் ஆஸ்பத்திரி, இடது கால் இல்லை. குறிப்பு என்ற இடத்தில், ‘தாயைக் கேட்கிறார்’ என்று இருந்தது.

அந்தப் புறோகிறாமில் ஒரு பழக்கம். அச்சாகும் ஒவ்வொரு தாளின் அடியிலும் ஓட்டியவரின் பெயரைத் தானாகப் போடும். நல்லரத்தினத்துக்குக் கொடுத்த லிஸ்டில் அதை எடுக்க மறந்துபோனேன். என் வேலையில் நான் ஒப்புக்கொள்ளக்கூடிய கவனயீனம் அது ஒன்றுதான். அந்தத் தாளை வதனிக்குக் காட்டித்தான் ஏற்றியிருப்பார்கள். அவள் திரும்பி வந்தால் எதைச் சொல்லுவாள்? கலாஜினிக்கு அப்போது சம்பந்தம் பேசி முடிகிற நேரம்.

ஒரு வரி சேர்த்தேன். 118 கேட்டால் ‘பதிவில்லை’ என்று சொல்.

முனாப்புக்கு மட்டும் மனம் ஆறவில்லை. “ரீச்சர், உங்கட மச்சாள்ட இலக்கத்துக்கு ஒண்டுமே வருதில்லயே. தாளுகள எடுத்துக் கையால ஒருக்காப் பாப்பமா?”

“கட்டளைய நம்பாட்டி என்னத்துக்கு முனாப் மொழி?” என்றேன். முனாப் நல்ல மனிதர். வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார்.

சின்னத்தங்கம் வெள்ளிக்கு வெள்ளி வருவாள். கோயில் திருநீறு நெற்றியில் இருக்கும்.

“உன்ட பெட்டியில ஒருக்காப் பாரன் மச்சாள்.”

“நீயே அமத்துகா.”

அவளுடைய விரலாலேயே அமத்த வைப்பேன். திரையில் வருவதை வாசித்துக் காட்டுவேன். நான் அவளுக்கு ஒரு பொய்யும் சொன்னதில்லை. கம்பியூட்டர் என்ன சொன்னதோ அதைத்தான் சொன்னேன்.

அடுத்த ஆவணியில், வதனிக்கென்று வைத்திருந்த தன் வீட்டைக் கலாஜினிக்குச் சீதனமாக எழுதித் தந்தாள். “வதனி வந்தா ரெண்டு பேரும் ஒண்டா இருக்கட்டும். உன்ட புள்ள வேற, என்ட புள்ள வேறயாகா?” என்றாள். இந்த வீடுதான். ‘தாய்வீடு’ கொடுத்த நானூறு வீடுகளில் ஒன்றில் நீங்கள் இருக்கிறீர்கள், அதையும் கட்டுரையில் போடலாம். சின்னத்தங்கம் எங்களோடுதான் இருக்கிறாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, உங்கள் தலையைத் தடவிவிட்டுப் போனாளே, அவள்தான். குசினிப் பக்கம் பார்க்காதீர்கள். அவளுக்கு இப்போது காது கேட்காது.

அந்தப் பிள்ளையா? மூன்று மாதப் பட்டியல்களில் பெயர் இருந்தது. மூன்றிலும் அதே குறிப்பு. நாலாம் மாதப் பட்டியலில் இல்லை. அதற்கு நான் ஒரு கட்டளையும் எழுதவில்லை, மகள்.