சிவப்பு மை தொடாத பெருவிரல்

பாய் வீட்டு அவைத்தலைவர் அவர்களே! மை டப்பியோடு மேடையில் வீற்றிருக்கும் அதிகாரிகளே! முன்வரிசைப் பெரியவர்களே! தினைக்கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! காவ் வீட்டு மருமகள் ஷுவாங்யேவின் வணக்கம்.

மேற்குச் சரிவு மலட்டு மண்ணாம்! ஆகவே இருபத்தொரு குடும்பமும் இன்றே பத்திரத்தில் சிவப்பு மைக் கைநாட்டு வைத்து, வெளியூர்க் கம்பெனிக்கு நிலத்தை முப்பது ஆண்டு குத்தகைக்கு விட்டுவிட வேண்டுமாம்! மலடு என்று யார் சொன்னது? மண் சொன்னதா? மழை சொன்னதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

குற்றம் நம்முடையது, ஐயா. அறுப்பு முடிந்ததும் தினை அடிக்கட்டைகளை வேரோடு பிடுங்கி, குளிருக்கு, நாம் படுக்கும் மண்மேடையைச் சூடாக்க அதன் அடியில் எரித்தோம். நிலம் துடைத்த தரையாய்க் கிடந்தால்தான் உழைப்பாளி என்று பெயர். படுக்கைச் சூட்டுக்காக நிலத்து மண்ணைக் காற்றுக்குக் கொடுத்தோம்!

விவசாயப் பயிற்சி கொடுக்க வந்த தோவ் என்ற பெண், கட்டையைப் பிடுங்காதீர்கள், சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடுங்கள், விதைக்குழிதோறும் ஆட்டெரு இடுங்கள் என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் போய்ச் செய்தேன்.

இதோ தலையைக் குனிகிறாரே, பக்கத்து நிலத்து மா தெபியாவ், அன்று கிணற்றடியில் என்ன கேட்டார்?

"ஏம்மா, உங்க வீட்டு ஆம்பளைக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சா? நிலம் சவரம் பண்ணாத மூஞ்சியாட்டம் கெடக்கு."

என் வீட்டுக்காரர் அந்தக் குளிர்காலம் முழுக்க ஆட்டுத்தோலுக்குள் சுருண்டு, என்னோடு பேசாமல் கிடந்தார். எனக்கும் அழுகைதான் வந்தது.

வசந்தத்தில் மூன்று நாள் காற்று. மா அண்ணனின் மண் பறந்துவந்து என் அடிக்கட்டைகளில் தங்கிவிட்டது! சிரிக்காதீர்கள், மண்ணைத் திருப்பிக் கேட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"மண்ணு வராதுண்ணே. மம்பட்டியோட நீங்க வாங்க, வரப்பு போடலாம்" என்றேன்.

வந்தார். இரண்டு மூட்டை கண்ட அவர் நிலம் இந்த ஆண்டு ஐந்து மூட்டை தந்தது. என்ன அண்ணே, எழுந்துவிட்டீர்கள்? பேசுங்கள், கேட்கிறோம்.

"எம் மண்ணு பறந்தப்ப ஒருத்தரும் பத்திரம் தூக்கிட்டு வரல. இப்பத்தான் அது ஒரு எடத்துல நிக்குது. நான் மை தொட மாட்டேன்."

கேட்டீர்களா, அதிகாரிகளே? இதோ என் பெருவிரல்! நகக்கண்ணில் இருப்பது மேற்குச் சரிவின் மண். உங்கள் மைக்கு இதில் இடமில்லை!

கஞ்சி ஆறும்வரை கேட்ட உங்களுக்கு நன்றி. நாளை விடிந்ததும் சரிவில் வரப்பு வேலை; மம்பட்டியோடு வாருங்கள். வணக்கம்.