மாதிரி அறையின் கதவு

தேநீர் நன்றாக இருக்கிறது. அறுபத்தெட்டு டிகிரி இருக்கும். பச்சைத் தேயிலைக்கு அதுதான் பதம். உங்கள் விசாரணை அலுவலகத்தில் யாரோ ஒருவர் பொறுப்பாக வேலை பார்க்கிறார்.

என் பெயர் ஹிவாதாரி ஷூகோ. வயது ஐம்பத்தாறு. மிசுகுமா துறைமுகத்துக்கு வரும் திரவ எரிவாயுக் கப்பல்களை அளப்பது என் வேலை. நான் விற்பவரின் ஆளும் இல்லை, வாங்குபவரின் ஆளும் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் நம்பாததால் இருவரும் என்னை நம்புகிறார்கள்.

அளப்பது என்றவுடன் பாலை அளப்பது போல நினைத்துக்கொள்ளாதீர்கள். திரவ எரிவாயுவை யாரும் லிட்டர் கணக்கில் வாங்குவதில்லை. அதற்குள் எவ்வளவு சூடு அடங்கியிருக்கிறது என்பதைத்தான் வாங்குகிறார்கள். கப்பலின் தொட்டிகளில் திரவத்தின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதற்குத் திருத்தம் போட வேண்டும். பிறகு அடர்த்தி, பிறகு ஒரு கிலோவுக்கு எவ்வளவு வெப்பம் என்பது. இறக்கும்போது காலியாகும் தொட்டிக்குள் கரையிலிருந்து வாயுவைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த வாயுவின் வெப்பத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் வருவதுதான் கப்பல். மற்றதெல்லாம் இரும்பு.

இதில் வெப்பத்தைச் சொல்வது, சோதனைக்கு எடுக்கும் சிறு மாதிரிதான். இறக்கும் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்து, ஆவியாக்கி, குடுவையில் சேர்த்துப் பகுத்துப் பார்க்கிறோம். ஆவியாகும் இடத்தில் சூடு ஒரே சீராக இருக்க வேண்டும். குளிர்காற்று பட்டால் மீத்தேன் முந்திக்கொள்ளும், கனமான வாயுக்கள் பின்தங்கும், குடுவையில் சேர்வது கப்பலில் இருப்பதாக இருக்காது. அதனால்தான் இறங்குதுறையில் ஒரு சிறிய அறை. இரண்டு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். ஒரு கதவு, அதில் ஒரு கண்ணாடி, காற்றோட்டத்துக்கு ஒரு விசிறி.

இசோகாய் கான்ஜி அந்த இறங்குதுறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். குழாய்களைப் பூட்டுவது, கழற்றுவது, கசிவு பார்ப்பது. அறுபத்தொரு வயது. வாய் சும்மா இருக்காது. என்னைத் தராசு-சான் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலையும் அப்படித்தான். "என்ன தராசு-சான், கடலை எடை போட்டாச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல. நாலாவது தொட்டி பாக்கி இருக்கு."

"உங்க வீட்டுல குளிக்கிற தொட்டியையும் இப்படித்தான் அளப்பீங்களா? பாவம் உங்க வீட்டம்மா, தண்ணி ஆறிப்போயிடும்."

எனக்கு அவர் மேல் எந்த வருத்தமும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கேலி செய்ய உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு பத்துக்கு மாதிரியின் அழுத்தம் நடுங்க ஆரம்பித்தது. சிறிய நடுக்கம்தான், வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அறைக்குள் கருவியைச் சுத்தமாக வைக்க நைட்ரஜன் ஓடும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அதன் இணைப்புத் தளர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. இசோகாயைக் கூப்பிட்டேன்.

"உள்ள போய் அந்த இணைப்பை இறுக்கிட்டு வாங்க. கதவை உடனே சாத்திக்குங்க, காத்து வந்தா கெட்டுப்போயிடும்."

"விசிறி ஓடலையே?"

"நான்தான் நிறுத்தினேன். அது சூட்டைக் கலைக்குது."

"சரி சரி. உங்க குழந்தைக்குச் சளி பிடிக்காம பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். சொன்னதைச் செய்பவர்.

நைட்ரஜனுக்கு மணம் கிடையாது. அது விஷமும் இல்லை. நாம் மூச்சில் இழுப்பதில் பெரும்பகுதி அதுதான். இருக்க வேண்டிய பிராணவாயுவின் இடத்தை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. அறைக்குள் இருக்கும் பிராணவாயுவைக் காட்டும் அளவி கதவுக்கு வெளியே மாட்டியிருக்கிறது. பிராணவாயு பதினெட்டு சதவீதத்துக்குக் கீழே போனதும் அது ஒலி எழுப்பியது. கருவி ஒலித்தால் ஒலியை நிறுத்துவது என் பழக்கம். நிறுத்தினேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் சுவரில் முதுகைச் சாய்த்து மெல்ல உட்கார்ந்தார். தூக்கம் வந்தவர் போல இருந்தது. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

மணி பன்னிரண்டு பத்தொன்பது. மாதிரி எடுப்பு முடிய வேண்டியது பன்னிரண்டு முப்பது.

கதவின் கைப்பிடிக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். விதிப்புத்தகம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும்: கதவைத் திற, விசிறியைப் போடு, ஆட்களைக் கூப்பிடு. அதில் ஒரு குறை உண்டு. வெளியே அன்று நான்கு டிகிரி. காற்று உள்ளே போனால் பதினொரு மணி நேரம் சேர்த்த மாதிரி பாழ். விதிப்புத்தகத்தை எழுதியவர்கள் அதை யோசிக்கவில்லை.

பன்னிரண்டு இருபத்துநான்குக்கு வாக்கி-டாக்கியில் கதோவாகி கூப்பிட்டார். இறங்குதுறையின் பொறுப்பாளர், கெட்டிக்காரப் பெண்மணி.

"இசோகாய்-சான் அங்க இருக்காரா? சாப்பாடு வந்தாச்சு. இன்னிக்குக் கானாங்கெளுத்தி வறுவல், ஆறினா திட்டுவார்."

"இருக்கார். பன்னிரண்டரைக்கு முடிஞ்சிடும்" என்றேன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நீங்கள் ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்திருப்பீர்கள்.

முதல் ஐந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். ஐந்து நிமிடம் என்பது மிகவும் தோராயமான எண். எந்தக் கருவியால் அளந்தார் என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு முப்பதுக்குக் குடுவைகளை மூடினேன். முத்திரை வைத்தேன். நேரத்தைக் குறித்தேன். பிறகு கதவை அகலத் திறந்தேன், விசிறியைப் போட்டேன், ஆட்களைக் கூப்பிட்டேன். மூன்றையும் புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே செய்தேன்.

கதோவாகி ஓடி வந்தார். இசோகாயை வெளியே இழுத்து, முழங்காலில் உட்கார்ந்து அவருடைய மார்பை அமுக்கினார். நெடுநேரம் அமுக்கினார். ஆம்புலன்ஸ்காரர்கள் தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினார். அப்புறம் அளவியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பார்த்துக்கிட்டா நின்னீங்க?"

"கடைசி ஆறு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்" என்றேன்.

அவர் என்னை அறைந்தார். அதை நான் புகாராகச் சொல்லவில்லை. அவர் களைத்திருந்தார்.

இசோகாயின் மனைவி சுமியேயை மறுநாள் பார்த்தேன். கறுப்பு உடுப்பில் போனேன், முறைப்படி குனிந்தேன். "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார். கை உயர்த்தியதைச் சொன்னேன். "உங்களைக் கூப்பிட்டிருக்கார்" என்றார். விடைபெறுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன் என்று விளக்கினேன். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். நான் கொண்டுபோன பழக்கூடை வாசலிலேயே இருந்தது.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். கதவைத் திறந்து மாதிரி கெட்டிருந்தால் கப்பலின் கணக்கு என்ன ஆகியிருக்கும் என்று. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்க ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. மாதிரி கெட்டுப்போனால், எரிவாயுவை ஏற்றிய அதே துறைமுகத்திலிருந்து வந்த முந்தைய ஐந்து கப்பல்களின் சராசரியைப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் என் குடுவைகளைச் சான்றாக எடுத்துப் போய்விட்டதால் இரு தரப்பும் அதைத்தான் செய்தார்கள். கால் மணி நேரத்தில் கையெழுத்தாகி, கப்பல் கிளம்பிவிட்டது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்தப் பிரிவு எனக்கு மறந்துபோயிருக்கும் என்று உங்கள் உதவியாளர் எழுதிக்கொள்வதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அடித்துவிடுங்கள். அதை எழுதிக் கொடுத்தவனே நான்தான். கதவருகே நின்றபோது வரிவரியாக நினைவில் ஓடியது.

ஆனால் இருபத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பிரிவைத் தொட வேண்டிய நிலைக்கு நான் யாரையும் கொண்டுபோய் நிறுத்தியதில்லை. வேண்டுமானால் துறைமுகத்தில் கேட்டுப் பாருங்கள். என்னால் யாருக்கும் ஒரு சிரமமும் வந்ததில்லை.