இருபத்தோரு அடி

காரைப் பின்னால் எடுப்பது யாருக்கும் பிடித்த வேலை இல்லை. முப்பத்தொரு வருடமாக வீட்டு வரைபடம் போடுகிறேன் ஐயா. வீடு கட்ட வருகிறவர்கள் சமையலறை எங்கே, மாடிப்படி எங்கே என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். வண்டி எப்படித் திரும்பும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதை அவர்களுக்காக நான்தான் யோசிக்க வேண்டும்.

கார் ஷெட்டின் கதவு தெருவைப் பார்த்து இருந்தால் சிக்கலே கிடையாது. நேராக உள்ளே, நேராக வெளியே. வீட்டு முகப்பில் அவ்வளவு பெரிய இரும்புக் கதவு தெரிந்தால் நன்றாக இல்லை என்று சிலர் அதைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்வார்கள். அப்போது வண்டி வீட்டை ஒட்டி உள்ளே வந்து, கால் வட்டம் அடித்து நுழைய வேண்டும். ஷெட் கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரை முப்பது அடி இருந்தால் நிம்மதி. இருபத்தாறு இருந்தால் சமாளிக்கலாம். அதற்குக் கீழே போனால் ஒரே வீச்சில் திருப்ப முடியாது. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று ஒடித்து ஒடித்துத்தான் எடுக்க வேண்டும். என் தம்பி வீட்டில் இருபத்தோரு அடி இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

அதற்கு முன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகியும் வேலை அவரை விடவில்லை. எங்காவது ஒரு வண்டி பின்னால் வருகிற சத்தம் கேட்டால் போதும், சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய்விடுவார். வண்டிக்குப் பின்னால் நின்று, "வரலாம், வரலாம், வரலாம்... போதும்" என்பார். பிறகு வண்டியின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. எங்கள் தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூட அவர் குரலை நம்பி வண்டியை எடுத்தார்கள்.

அம்மா போன பிறகு பதினோரு வருடம் அவர் என் வீட்டில் இருந்தார். என் மனைவி அவருக்கு உப்பைக் குறைத்துத் தனியாகச் சமைத்தாள். காலில் புண் வந்து ஆறாமல் இருந்த ஏழு மாதமும் தினம் இரண்டு வேளை கட்டு மாற்றியவன் நான். கட்டுப் போடும்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். தம்பி வேலை நிமித்தம் வேறு ஊரில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். அன்று காலையிலேயே அப்பா சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, போனுக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவார். போனில் சட்டை தெரியாதே என்று என் மனைவி ஒருமுறை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பிக்கு இந்த ஊருக்கே மாற்றல் கிடைத்தது. மனை வாங்கினான். நேராக என்னிடம் வந்தான்.

"நீதான் வரையணும்ணா. வேற யார்கிட்டயும் போக மாட்டேன். அப்பா இனிமே என்கூட இருக்கட்டும். நீயும் அண்ணியும் எவ்வளவு நாள்தான் பார்ப்பீங்க."

நல்ல மனதோடுதான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை. முதலில் நான் போட்ட படத்தில் திரும்பும் இடம் சரியாக முப்பது அடி.

அந்த வாரம் அப்பாவை முடி வெட்டக் கூட்டிப் போனேன். முடி வெட்டுகிறவர் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். என்ன பெரியவரே, முகத்தில் களை தெரிகிறதே என்று கேட்டார்.

"என் பிள்ளை வீடு கட்டுறான். நான் என் பிள்ளை வீட்டுக்குப் போகப்போறேன்."

"அப்ப இவரு?" கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைச் சீப்பால் காட்டினார் அவர்.

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இவனா? இவன் படம் போட்டுத் தர்றவன்."

முடி வெட்டுகிறவர் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாவின் கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டு, கைபிடித்துப் படி இறக்கி, வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பிறகு மேசையில் உட்கார்ந்து ஒரு கோட்டை அழித்துவிட்டு, ஒன்பது அடி தள்ளி வரைந்தேன் என்று சொன்னால் சரியாக இருக்காது. வீட்டுச் சுவரை ஒன்பது அடி முன்னுக்கு இழுத்தேன். ஷெட்டும் அதோடு சேர்ந்து முன்னால் வந்தது. கிடைத்த இடத்தை அப்பாவின் அறைக்குக் கொடுத்தேன். அந்த அறையின் கதவு, வண்டி திரும்புகிற முற்றத்தில் திறந்தது.

படத்தைப் பார்த்ததும் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஹாலை விட அப்பா ரூம் பெருசா இருக்கேண்ணா."

"வயசானவர். நடமாட இடம் வேணும்."

தம்பி மனைவி கெட்டிக்காரி. "வண்டி திரும்புமா மாமா?" என்று கேட்டாள்.

"திரும்பும். கொஞ்சம் பின்னால எடுக்கணும், அவ்வளவுதான்."

நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். வண்டியைப் பின்னால் எடுக்காமல் அந்த வீட்டிலிருந்து யாரும் வேலைக்குப் போக முடியாது. வண்டி பின்னால் வந்தால் அப்பா எழுந்து போகாமல் இருக்க மாட்டார். காது மந்தமாகிக்கொண்டிருந்தது, கால் சொன்னபடி கேட்கவில்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில்தான் நிற்பார். ஓட்டுகிறவன் அவருடைய பிள்ளையாக இருப்பான்.

இதில் ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்பா அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தார். தினமும் எட்டரை மணிக்கு அவருக்கு ஒரு வேலை இருந்தது. எட்டே காலுக்கே செருப்பு மாட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்பாராம். "மாமனார் வராம இவர் வண்டியை ஸ்டார்ட் பண்ண மாட்டார்" என்று தம்பி மனைவி எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். ஒருநாள் காலையில் நானே போய்ப் பார்த்தேன். "போதும்" என்று சொல்லி வண்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அப்பா நிமிர்ந்தபோது, பதினோரு வருடத்தில் என் வீட்டில் பார்க்காத ஒரு முகம் அவருக்கு இருந்தது. அதைக் கொடுத்தது என் ஒன்பது அடி. என்னிடம் திரும்பி, "என்ன, காலையிலேயே வந்துட்ட?" என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

தம்பியிடம் அப்போது இருந்தது சின்ன வண்டி. அதற்கும் சுவருக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. இரண்டு வருடம் அப்படியே போயிற்று. பிறகு அவன் வேறு வண்டி எடுக்கப் போவதாகச் சொன்னான்.

"பெருசா எடுடா," என்றேன். "அப்பாவுக்கு முட்டி மடங்கல. உயரமா இருந்தா ஏறி இறங்க சுலபம்."

எடுத்தான். நீளம் பதினாறு அடி. உயரத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அப்பா வயதில் குறுகிப் போயிருந்தார், பின் கண்ணாடிக்கு அவர் தலை எட்டவில்லை. வண்டி வந்த வாரமே தம்பி போன் செய்தான். பின்னால் கேமரா வைத்துத் தருகிறார்களாம், வைத்துவிடட்டுமா என்று கேட்டான். சின்ன விஷயத்துக்கும் என்னைக் கேட்காமல் செய்ய மாட்டான்.

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். யோசிப்பதற்காக இல்லை; யோசிப்பதாக அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

"அப்பா இருக்கும்போது கேமரா எதுக்குடா? அவருக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வேலை. அதையும் பிடுங்கிட்டா மனசு ஒடிஞ்சிடும்."

"ஆமாண்ணா. நான் இதை யோசிக்கவே இல்ல."

நான்கு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, அப்பாவுக்கு இருமல் வந்தது. "வரலாம், வரலாம்" என்றவருக்கு "போதும்" சொல்ல மூச்சு வரவில்லை. அது நடந்த நேரத்தில் நான் என் மேசையில் வேறொருவர் வீட்டுக்கு ஜன்னல் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி போன் செய்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனேன். சுவரில் பூசிய சாந்து ஓர் ஆள் அகலத்துக்கு உதிர்ந்திருந்தது.

தம்பி அதற்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டு ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினான். "குரல் வரலண்ணா. குரல் வரலைன்னா நான் நிறுத்தியிருக்கணும். அப்பா பின்னாலதான் இருக்கார்னு எனக்குத் தெரியுமேண்ணா." நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். உன் தப்பு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை.

இது இத்துடன் முடிந்திருக்கும் ஐயா. விபத்து என்று எழுதி மூடியிருப்பீர்கள். நானும் வாய் திறந்திருக்க மாட்டேன். நேற்று உங்கள் பொறியாளர் வந்து நாடாவைப் பிடித்து அளந்தார். இருபத்தெட்டு வயதுகூட இருக்காது. இன்று காலை அவருடைய அறிக்கையை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். வண்டி திரும்புவதற்கு விட்ட இடம் போதவில்லை, இது வரைபடம் போட்டவரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார். "பெருசா ஒண்ணும் வராது, பயப்படாதீங்க, கையெழுத்து போட்டுட்டுக் கிளம்புங்க" என்று ஆறுதலாகவும் சொன்னீர்கள்.

அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாக்குமூலம் எழுத ஆள் வேண்டும் என்று கேட்டேன்.

முதல் படம் என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. முப்பது அடி என்று என் கையெழுத்தில் இருக்கும். இரண்டாவது படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதியும் இருக்கிறது. கேமரா வேண்டாம் என்று நான் சொன்னதைத் தம்பியிடம் கேட்டால் சொல்லுவான். இன்றுவரை அது அப்பா மேல் வைத்த பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். என் அப்பாவைக் கொன்றது நான். தம்பியின் கையைப் பயன்படுத்தினேன். இதில் ஓர் அங்குலம்கூடத் தவறி நடக்கவில்லை.

அவர்மேல் அவ்வளவு வெறுப்பா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. உங்களுக்குப் புரியவில்லை. கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை மட்டும் அறிக்கையிலிருந்து அடித்துவிடுங்கள். இரண்டு பிள்ளைகளில் என் அப்பாவைக் கவனமாகப் பார்த்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.