கண் வைத்தது நான்தான்

மதியச் சோற்றை ஆறவிட்டுச் சாப்பிட எனக்குப் பிடிக்காது சார். ஆபீஸ் இருந்த காலத்தில் டப்பாவைத் திறந்தால் சாம்பார் சில்லிட்டுக் கிடக்கும். ஆபீஸைக் காலி செய்கிறோம், எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கம்பெனி சொன்னபோது, காக்களூர் வீட்டில் முதலில் சந்தோஷப்பட்டது என் வயிறுதான்.

பெயர் துளசிராமன். ஏழு பேர் கொண்ட டீமுக்கு லீடு. நாங்கள் எழுதுவது தொழிற்சாலைகளுக்கான சாஃப்ட்வேர். கழிவுத் தொட்டிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று ஒரு கருவி அளக்கும், அந்த அளவு எங்கள் திரையில் ஓடும். அதைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே இறக்குவார்கள்.

ஏழு பேரும் ஏழு வீட்டில் உட்கார்ந்தால் நாள் முழுக்க போன்தான். ஒரு வேலையும் உருப்படியாக முடியாது. அதனால் விதி போட்டேன். போன் கூடாது. எதுவானாலும் குரூப்பில் எழுத வேண்டும், படிக்கிறவர் தனக்குத் தோதான நேரத்தில் பார்ப்பார். ஒரு வேலையை யார் எடுத்துக்கொள்கிறாரோ அவர் அந்த மெசேஜின் கீழே இரண்டு கண் படம் போட வேண்டும். கண் விழுந்துவிட்டால் மற்றவர் அதைத் தொடக் கூடாது. டீமில் இதைக் 'கண்ணு வெக்கிறது' என்பார்கள். துளசி சார் கண்ணு வெச்சிட்டாரு, இனிமே அது வெளங்கினாப்பலதான் என்று கேலிகூட உண்டு. நானும் சிரித்திருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வாசல்களில் விபத்து இல்லாத நாட்கள் இத்தனை என்று பலகை வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து நானும் குரூப்பின் உச்சியில் போன் இல்லாத நாட்கள் என்று போட்டேன். தொண்ணூறைத் தொட்டால் மேலிடத்தில் எடுத்துச் சொல்வதாக இருந்தேன். அன்றைக்கு எண்பத்தொன்பது.

டீமில் ஏஞ்சல் என்று ஆரம்பாக்கத்துப் பெண். வேலையில் கெட்டி, ஆனால் எதற்கெடுத்தாலும் போன். "எழுதிக்கினு இருந்தா நேரம் போய்டுது சார், பேசினா ரெண்டு நிமிஷம்" என்பாள். முன்பு இரண்டு முறை எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். அவளுடைய அப்பா ஆசீர்வாதம் கும்மிடிப்பூண்டியில் ஒரு சாயக் கம்பெனியில் தொட்டி கழுவுகிறவர். நீங்கள் விசாரிக்கிற இரண்டு சாவில் ஒன்று அவருடையது.

அன்று பன்னிரண்டு இருபதுக்கு அவள் போன் செய்தாள். கட் செய்தேன். மறுபடியும் செய்தாள். மூன்றாவது முறை அடித்தபோது எனக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது. போன் வேண்டாம், எழுதுங்கள் என்று பதில் போட்டேன்.

எழுதினாள். நன்றாகவே எழுதியிருந்தாள். கருவி செத்துப்போனால் திரையில் சிவப்பாகப் பிழை என்று வர வேண்டும். முந்தைய நாள் நாங்கள் ஏற்றிய மாற்றத்துக்குப் பிறகு, வாயு பூஜ்யம் என்று பச்சையில் வருகிறது. அந்தச் சாயக் கம்பெனியின் மூன்றாம் தொட்டியில் கருவி காலையிலிருந்து செத்திருக்கிறது. உடனே பழையபடி மாற்ற வேண்டும். படம் இணைத்திருந்தாள், படிப்படியாக விளக்கியிருந்தாள். மூன்று மாதம் நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கான அனுமதி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒன்று நான், இன்னொன்று பெரியபாளையத்தில் இருக்கும் ராபின். நான் கண் வைத்தேன். பிறகு சாப்பிடப் போனேன், கொஞ்சம் படுத்தேன். மூன்று மணிக்குச் செய்வதாக இருந்தேன். போன் அடித்த வேகத்துக்கு நான் ஓடினால், போன் அடித்தால்தான் வேலை நடக்கும் என்று அந்தப் பெண் கற்றுக்கொள்வாள். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ராபின் பன்னிரண்டு ஐம்பதுக்கே மெசேஜைத் திறந்திருக்கிறான். என் கண்ணைப் பார்த்ததும் மூடிவிட்டான். "நீங்க கண்ணு வெச்சிட்டீங்கன்னுதானே சார் நான் கை வெக்கல" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். அவன் மேல் தவறில்லை. விதிப்படி நடந்துகொண்டான்.

ஒன்றரைக்கு ஆசீர்வாதம் இறங்கினார். திரையில் பச்சைதான் இருந்தது. அவர் சத்தம் வரவில்லை என்று இம்மானுவேல் என்பவர் தூக்கிவிட இறங்கினார். அவரும் ஏறி வரவில்லை.

ஏஞ்சலை மறுநாள் பிணவறை வாசலில் பார்த்தேன். கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள். அப்பாவின் போன் கம்பெனி லாக்கரில் இருந்ததாம். போனில் கிடைத்த வாசல் காவலாளியோ, மேலிருந்து மெயில் வந்தால்தான் வேலையை நிறுத்துவோம் என்றாராம். நேரில் போய்விடலாம் என்று கிளம்பியிருக்கிறாள்.

"வண்டி சாவிய கையில எட்த்துட்டேன் சார். நீங்க கண்ணு வெச்சதப் பாத்ததும் திரும்ப ஆணியில மாட்டிட்டேன். நிம்மதியா சோறு துன்னேன் சார்" என்றாள்.



ஆசீர்வாதம் அன்றைக்கு இறங்கப்போகிறார் என்று தெரிந்திருந்தால் உடனே மாற்றியிருப்பீர்களா என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் கேட்டுத் தப்பித்தேன். குரூப்பில் அழித்த வரியும் சர்வரில் இருக்கும், எப்படியும் எடுத்துவிடுவீர்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் முதலில் போட்ட மெசேஜில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது. எங்க அப்பா இன்னைக்கு ஒன்றரை மணிக்கு அந்தத் தொட்டியில எறங்குறாரு சார் என்று. படித்தேன். சொந்த விஷயத்தைப் பொதுவில் போட வேண்டாம், அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று அவளுக்குத் தனியாக எழுதினேன். ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டாள். அதன் பிறகு அந்த மெசேஜில் ஒரு குறையும் இல்லை சார். அப்புறம்தான் கண் வைத்தேன்.