ஒலிவத் தோப்பு வீட்டுக்கு ஒரு குக்கர்

சுந்தரி: அதை வெளியே எடுங்க.

நாறும்பூ: எதை?

சுந்தரி: எதைன்னு கேக்கிய... வேட்டிக்குள்ள சுருட்டிப் பெட்டிக்கு அடியில வச்சிருக்கியளே, அந்தக் குக்கரை.

நாறும்பூ: ஓ... பாத்துட்டியா.

சுந்தரி: மூடியைக் கொண்டுபோய் என் பட்டுச்சேலைக்கு நடுவுல செருகியிருக்கிய. விசில் எங்க?

நாறும்பூ: சட்டைப் பையில. தொலைஞ்சிரப்பிடாதுல்லா...

சுந்தரி: எடுங்க எல்லாத்தையும்.

நாறும்பூ: ஏ சுந்தரி, கொஞ்சம் பொறு. மக மதுமதி வீட்டுல இருக்கது சின்னக் குக்கரு. அவளும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சாப்பிடதுக்கு உள்ளது. நாம ரெண்டு பேரும் போய் நின்னா அஞ்சு பேராச்சு. அந்த மலை வீட்டுல போய் உலையை ரெண்டு தடவை வைப்பியா?

சுந்தரி: ஒரு தடவை கூட வைக்க மாட்டேன்.

நாறும்பூ: அதுக்குத்தான இந்தப் பெரிய குக்கரு...

சுந்தரி: நான் சொல்லுதது உங்களுக்கு விளங்கலை. ஒரு தடவை கூட வைக்க மாட்டேன்.

நாறும்பூ: ...என்ன, காலையிலேயே ஒரு மாதிரியா இருக்க?

சுந்தரி: நல்லாத்தான் இருக்கேன்.

நாறும்பூ: மக போன்ல என்ன சொன்னா? இத்தாலியில ஓட்டல்ல தங்கப் போறதில்லப்பா, மலை மேல ஒலிவத் தோப்பு, அதுக்கு நடுவுல ஒரு விவசாயி வீடு, நாலு நாளைக்கு நமக்குன்னு பேசியாச்சு. அடுப்படி இருக்கு, பாத்திரம் இருக்கு. நம்மளே பொங்கித் தின்னுக்கிடலாம். சொன்னாளா இல்லியா?

சுந்தரி: சொன்னா.

நாறும்பூ: பெறகு?

சுந்தரி: நம்மளேன்னு சொன்னா. நீங்க அதை நான்னு எடுத்துக்கிட்டிய.

நாறும்பூ: அட, இது என்ன கோர்ட்டா? சரி, திட்டத்தை முழுசாக் கேளு. பெறகு சண்டை போடு. மக இருக்க ஜெனோவாவுல இருந்து காலையில கெளம்புதோம். மாப்பிள்ளை கார் ஓட்டுதாரு. அங்கன ரோடெல்லாம் மலையைக் கொடைஞ்சு போட்டிருக்கானாம். ஒரு குகையை விட்டு வெளிய வந்தா வெளிச்சம், உடனே அடுத்த குகை. மூணு மணி நேரத்துல ஆளைக் கொண்டு சேத்துருமாம். நான் முன்னால மாப்பிள்ளை பக்கத்துல...

சுந்தரி: இல்ல.

நாறும்பூ: என்ன இல்ல?

சுந்தரி: முன் சீட்டுல நான் இருக்கேன்.

நாறும்பூ: நீயா? ரோட்டுப் படத்தை யாரு பாத்துச் சொல்ல?

சுந்தரி: நான் பாத்துச் சொல்லுதேன். எஸ்.எஸ்.எல்.சி.ல பூகோளத்துல நான் எடுத்த மார்க்கு உங்களுக்குத் தெரியும்லா.

நாறும்பூ: அங்கன ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும் பாத்துக்கோ. நீ வலது பக்கம் ஏறணும். எதுக்க வார லாரியைப் பாத்தா பயந்துக்கிடுவ.

சுந்தரி: பயந்தா பயந்துக்கிடுதேன். கை ரெண்டும் சும்மா இருக்கும்லா, கண்ணைப் பொத்திக்கிடுதேன்.

நாறும்பூ: ...இதுல குத்தல் இருக்கு.

சுந்தரி: இருக்கு. குத்தாலத்துக்கு அம்பாசிடர்ல போவோமே வருஷா வருஷம். எங்கன இருப்பேன் நான்?

நாறும்பூ: பின்னால. அம்மை பக்கத்துல.

சுந்தரி: மடியில என்ன இருக்கும்?

நாறும்பூ: ...தேங்காப்பால் சொதிச் சட்டி.

சுந்தரி: டிக்கில வச்சா சிந்தும்னு என் மடியில வைப்பிய. ஆலங்குளம் தாண்டிப் பள்ளம் வந்தா, பைய போங்க டிரைவர், சொதி சிந்திரும்னு சொல்லுவிய. அவளுக்குச் சுட்டுரும்னு ஒரு நாளாவது சொன்னியளா?

நாறும்பூ: அது... துண்டு விரிச்சுத்தான வச்சோம்.

சுந்தரி: துண்டு. ஆமா. போய் எறங்குன உடனே நீங்கள்லாம் எண்ணெயைத் தேச்சுக்கிட்டு அருவிக்குப் போயிருவிய. நான் ஸ்டவ்வைப் பத்த வைப்பேன். குளிச்சிட்டுக் குலைப்பசியோட வருவிய. சாப்பிட்டுட்டு ஐந்தருவிக்குக் கெளம்புவிய. நான் ராத்திரிக்கு மாவு பெசைவேன்.

நாறும்பூ: நீயும் வந்திருக்கலாம்லா. யாரு வேண்டாம்னா?

சுந்தரி: யாரும் வேண்டாம்னு சொல்லல. யாரும் வான்னும் சொல்லல. இத்தனை சீசனுக்குப் போயிருக்கேன், பேரருவியில ஒரு நாள் தலை நனைச்சது கெடையாது. அந்த வாடகை வீட்டுக்குப் பின்னால ஒரு குழாய் இருக்கும். அதுலதான் குளிப்பேன். அருவிச் சத்தம் அங்கன வரை கேக்கும்.

நாறும்பூ: நெசமாவா? ஒரு நாள் கூடவா?

சுந்தரி: பாத்தியளா. உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியுது.

நாறும்பூ: சரி... நடந்தது நடந்து போச்சு. இத்தாலிக்கு வருவோம். நான் என்ன சொல்லுதேன், சொதி வேண்டாம், தீயல் வேண்டாம். வெறும் சோறு. பருப்புப்பொடி எடுத்துக்கிடுவோம், நார்த்தங்காய் எடுத்துக்கிடுவோம். தயிர் அங்கனயே கெடைக்கும். அரை மணி நேர வேலை.

சுந்தரி: சோத்துல ஆரம்பிப்பிய. ரெண்டாவது நாளு ஒரு ரசம் இருந்தாத் தேவலைம்பிய. மூணாவது நாளு, சுந்தரி, இங்க கத்திரிக்காய் உருண்டையா இருக்கே, எண்ணெய் விட்டு வதக்குனா என்னம்பிய.

நாறும்பூ: அதுல என்ன தப்பு?

சுந்தரி: தப்பே இல்ல. வதக்குங்க.

நாறும்பூ: வேற என்னத்தத் திங்க அங்க? யோசிச்சுப் பாரு. எதுக்குள்ள முட்டை இருக்கு, எதுக்குள்ள மாடு இருக்குன்னு நமக்குத் தெரியுமா? பொறந்ததுல இருந்து வெங்காயச் சாம்பாருக்கு மிஞ்சின பாவம் பண்ணாத உடம்பு இது.

சுந்தரி: ரொட்டி இருக்கு, தக்காளி இருக்கு, பழம் இருக்கு. எனக்கு அது போதும்.

நாறும்பூ: உனக்குப் போதும். எனக்கு?

சுந்தரி: அதை நீங்கதான் யோசிக்கணும். கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா இருந்தவுகளுக்கு யோசிக்கச் சொல்லித் தரணுமா?

நாறும்பூ: மதுமதி ஒரு குழம்பு வச்சுத் தரமாட்டாளா அப்பாவுக்கு?

சுந்தரி: அவ பேச்சை எடுக்காதிய. வாரம் பூராவும் வேலைக்கு ஓடுதா. கெஞ்சிக் கூத்தாடி இந்த நாலு நாளு லீவு வாங்கியிருக்கா. எம் பிள்ளையையும் கொண்டுபோய் அடுப்புக்கு முன்னால நிறுத்த விடமாட்டேன்.

நாறும்பூ: மாப்பிள்ளை...

சுந்தரி: கார் ஓட்டுத மனுசன் உங்களுக்குச் சோறும் வடிக்கணுமா? அழகா இருக்கு.

நாறும்பூ: பேத்தி விஜயஸ்ரீ மட்டுந்தான் பாக்கி. அவளுக்கு வயசு நாலு.

சுந்தரி: சிரிப்பு வரலை எனக்கு.

நாறும்பூ: எனக்கும்தான் வரலை. என்ன சுந்தரி இது? திருவனந்தபுரத்துல அடுத்த வாரம் ப்ளேன் ஏறணும். இப்பப் போய்...

சுந்தரி: இப்பத்தான் சொல்ல முடியும். ப்ளேன் ஏறிட்டா நான் பேச மாட்டேன்னு எனக்கே தெரியும். அங்க போய் மக முகத்தையும் மாப்பிள்ளை முகத்தையும் பாத்துட்டு, சரி, நாலு நாளுதானன்னு கரண்டியை எடுத்துருவேன். அதனால இங்கனயே பேசி முடிக்கணும்.

நாறும்பூ: முடியலைன்னா?

சுந்தரி: நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க.

நாறும்பூ: விளையாடுதியா?

சுந்தரி: இல்ல.

நாறும்பூ: பிள்ளையைப் பாக்கணும்னு ராவும் பகலும் பொலம்பிக்கிட்டுக் கெடந்தவ நீ.

சுந்தரி: ஆமா. அதுக்குத்தான் சொல்லுதேன். அந்தப் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு அந்தத் தோப்புல நான் நடக்கணும். ஒலிவக் காய் எப்படி இருக்கும்னு பறிச்சுக் காட்டணும் அதுக்கு. கதை சொல்லணும். அடுப்படி ஜன்னல் வழியா அவ விளையாடுததைப் பாக்கதுக்கு நான் கடல் தாண்டி வரமாட்டேன்.

நாறும்பூ: ஊர்ல கேப்பானே... சிரஸ்தார் மட்டும் போறாரு, வீட்டம்மா வரலையான்னு. என்ன சொல்ல?

சுந்தரி: அவ லீவுல இருக்கான்னு சொல்லுங்க.

நாறும்பூ: நல்லாத்தான் பேசுத. சரி, நீயே ஒரு வழி சொல்லு. நீ வைக்க மாட்ட, மக வைக்கப்பிடாது, மாப்பிள்ளை வைக்கப்பிடாது. எனக்கோ சோறு இல்லாம ஒரு நேரம் ஓடாது. என்ன செய்ய?

சுந்தரி: வழி இருக்கு.

நாறும்பூ: சொல்லு.

சுந்தரி: நீங்க வைங்க.

நாறும்பூ: என்னது?

சுந்தரி: சோறு. குழம்பு. நீங்க.

நாறும்பூ: நானா! ஏ, எனக்கு வெந்நி போடத் தெரியுமா? அடுப்பு எந்தப் பக்கம் திருகுனா எரியும்னு கூடத் தெரியாது எனக்கு. போன தீவாளிக்குக் கூட நீ தானட்டி எண்ணெய் காய்ச்சித் தந்த.

சுந்தரி: ஆமா, தந்தேன்.

நாறும்பூ: பெறகென்ன? அடுக்களைக்குள்ள நான் நுழைஞ்சதை நீ எப்பவாச்சும் கண்ணால பாத்திருக்கியா?

சுந்தரி: கண்ணால பாக்கலை.

நாறும்பூ: அவ்வளவுதான். நியாயம்னா ஒத்துக்கிடணும்.

சுந்தரி: எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாவளே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில... ஞாபகம் இருக்கா?

நாறும்பூ: அதை ஏன் இப்ப...

சுந்தரி: மதுமதி ஹாஸ்டல்ல பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தா. அவகிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டோம். ஸ்ரீவைகுண்டத்துல இருந்து எங்க மதினி சமைச்சுப் போட வாரேன்னா. வேண்டாம், மெஸ்ல சொல்லியாச்சுன்னு அனுப்பிட்டிய.

நாறும்பூ: ஆமா. ஆவுடைநாயகம் அண்ணாச்சி மெஸ்ஸு. நல்ல கைப்பக்குவம் அவருக்கு.

சுந்தரி: தினம் ரெண்டு நேரமும் தூக்குவாளியில கொண்டு வருவிய. அண்ணாச்சி கொடுத்தாரு, அண்ணாச்சி கொடுத்தாருன்னு.

நாறும்பூ: பாவம், நல்ல மனுசன். உன்னைய ரொம்ப விசாரிப்பாரு.

சுந்தரி: விசாரிச்சாரு. நேர்லயே வந்து விசாரிச்சாரு.

நாறும்பூ: ...எப்போ?

சுந்தரி: நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தப்ப. பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தாரு. மன்னிக்கணும் தாயி, மக கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிட்டு நாங்குநேரில கெடந்தோம், இன்னிக்குத்தான் ஊருக்கே வாரோம், முன்னமே தெரிஞ்சிருந்தா நம்ம கடையில இருந்தே சாப்பாடு அனுப்பியிருப்பேனேன்னு ஒரே வருத்தம் அவருக்கு. உங்க தூக்குவாளி அவருக்கு முன்னாலதான் ஸ்டூல்ல இருந்துச்சு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. சிரிச்சாத் தையல் வலிக்கி. அழுதாலும் வலிக்கி. ரெண்டும் வந்துது எனக்கு.

நாறும்பூ: அவரு... என்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே.

சுந்தரி: நான்தான் சொல்லாதியன்னேன்.

நாறும்பூ: அப்ப உனக்கு...

சுந்தரி: மொத நாளு ரசத்துல கடுகு கரிஞ்சிருந்துது. சோறு களியா இருந்துது. மெஸ்காரர் அப்படி வச்சா யாரு போய் உக்காருவா? சந்தேகம் அன்னிக்கே வந்தாச்சு. முருங்கைக்காய் ஒரு துண்டு விரல் நீளம், ஒரு துண்டு முழம் நீளம். சொதியில தேங்காப்பால் திரிஞ்சு போய் மெதந்துது.

நாறும்பூ: அது... மொதப் பாலை முன்னாலேயே ஊத்திட்டேன். கடைசியில ஊத்திட்டு எறக்கணும்னு பெறகுதான் தெரிஞ்சுது.

சுந்தரி: யாரு சொல்லித் தந்தா?

நாறும்பூ: யாரும் இல்ல. ரெண்டு மூணு தேங்காய் வீணாப் போச்சு. பெறகு வந்துட்டு.

சுந்தரி: வந்துட்டு. வீட்டுக்கு விடுதாவன்னு சொன்ன அன்னிக்குக் கொண்டாந்தியளே, அதுதான் சொதி. ஏன் மறைச்சிய?

நாறும்பூ: உங்க அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்துல இருப்பாரு. ஆபீஸ்ல இருந்து ஆளு வரும். சிரஸ்தாரு பொண்டாட்டிக்குப் பொங்கித் தூக்கிட்டு வாராருன்னு ஆபீஸ் பூராவும் பேசுவான்லா.

சுந்தரி: அது அன்னிக்கு. வீட்டுக்கு வந்த பெறகு?

நாறும்பூ: உள்ளதைச் சொல்லட்டா? தெரியும்னு சொன்னா தினமும் செய்யச் சொல்லுவியோன்னு பயம்.

சுந்தரி: அது எனக்குத் தெரியும். வேற என்ன?

நாறும்பூ: வேற... என்னத்தச் சொல்ல. மதினி வந்து வச்சிருந்தா நான் சும்மா இருந்திருக்கணும். என்னால சும்மா இருக்க முடியலை சுந்தரி. ஆபரேஷன்னு எழுதி வாங்குனானே, அன்னிக்கு ராத்திரி இந்த வீட்டுல ஒத்தையில படுத்திருந்தேன். நீ வராமப் போயிருவியோன்னு கண்ணையே மூட முடியலை. எந்திரிச்சு அடுக்களைக்குப் போனேன். அடுப்பைப் பத்த வச்சு ஒரு உலையை ஏத்தினேன். அது கொதிச்ச பெறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. இதை எப்படிப் போய்ச் சொல்ல உன்கிட்ட?

சுந்தரி: இப்படித்தான். இப்பச் சொன்னியளே, இப்படித்தான்.

நாறும்பூ: நீ மட்டும் என்னவாம்? இத்தனை வருஷமாத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை கேட்டியா?

சுந்தரி: நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன். அந்தச் சொதியை இன்னொருக்கச் சாப்பிடணும்னு எனக்கு எத்தனையோ நாளு ஆசை. நீங்க ஒத்துக்கிடாம எப்படிக் கேக்க... மதுமதி அந்த மலையில நல்ல ஓட்டலாத்தான் பேசி வச்சிருந்தா. அதை வேண்டாம்னு சொல்லி, அடுப்படி உள்ள வீடாப் பாருட்டி, உங்க அப்பா சமைப்பாவன்னு சொன்னதே நான்தான்.