குழுவுக்கு மூணு சீட்டு

நெட்டை: நீ பெல் அடி.

சோடாபுட்டி: ஏன், உனக்குக் கை இல்லையா? அவ வீட்டுக்குப் போலாம்னு இழுத்துட்டு வந்ததே நீதான்.

நெட்டை: பேசுறது நான் பேசுறேன். பெல்லை நீ அடி.

சோடாபுட்டி: இருடி... முதல்ல என்ன சொல்லப் போறோம்? நாலு நாளா ஏன் பள்ளிக்கூடம் வரலன்னு கேட்டா, உங்களுக்குத் தெரியாதான்னு கேப்பா.

நெட்டை: திரும்ப எங்க குழுவுக்கே வந்துரு, கணக்கு மிஸ்கிட்ட நாங்க பேசுறோம்னு சொல்லுவோம்.

சோடாபுட்டி: மிஸ் கேக்க மாட்டாங்க. ஒழுங்கா வேலை செய்யாதவங்க பேரை ஆளுக்கொரு சீட்டுல ரகசியமா எழுதுங்க, ரெண்டு சீட்டுல ஒரே பேர் வந்தா அவங்களை மாத்திருவேன்னு சொன்னாங்க. வந்துச்சு, மாத்திட்டாங்க.

நெட்டை: எங்க மாத்துனாங்க? மத்த குழுவெல்லாம் நிறைஞ்சிருச்சுன்னு ஜன்னலோரமா தனியால்ல உக்கார வச்சுட்டாங்க.

சோடாபுட்டி: ம்...

நெட்டை: நான் எழுதல.

சோடாபுட்டி: நான் கேக்கவே இல்லையே. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லங்கிற மாதிரி...

நெட்டை: அப்ப நீதான் எழுதுனியா?

சோடாபுட்டி: சேச்சே. அவளே அவ பேரை எழுதியிருப்பா. செய்யக்கூடிய ஆளுதான்.

நெட்டை: அப்பவும் ஒரு சீட்டுதான ஆச்சு?

சோடாபுட்டி: இதுலல்லாம் நல்லா கணக்குப் போடு.

நெட்டை: அவ வேலை செய்யலன்னு எப்படிடி சொல்றது? நான் போடுவேன், நீ சரிபாப்ப, அவ நோட்டுல அழகா எழுதுவா. அந்தக் கையெழுத்துக்குன்னே மார்க் விழுந்துச்சு.

சோடாபுட்டி: அன்னைக்கு போர்டுக்குக் கூப்பிட்டப்ப? பின்னத்தைப் பின்னத்தால வகுக்கும்போது ரெண்டாவதை ஏன் தலைகீழா மாத்துறன்னு மிஸ் கேட்டாங்க. மரம் மாதிரி நின்னா. மூணு பேருக்கும் முட்டை.

நெட்டை: அதை அவ என்கிட்ட முன்னாடியே கேட்டா.

சோடாபுட்டி: நீ என்ன சொன்ன?

நெட்டை: அதெல்லாம் உனக்கெதுக்கு, எழுது, மணியடிக்கப் போகுதுன்னேன்.

சோடாபுட்டி: ... என்கிட்டயும் கேட்டா.

நெட்டை: நீ?

சோடாபுட்டி: எனக்கே தெரியாதுடி. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இதுகூடத் தெரியாதான்னு சிரிச்சு விட்டுட்டேன்.

நெட்டை: ... யாரோ வராங்க. செருப்பைக் கழட்டு.

அவள் அம்மா: யாரது... அட, நீங்களா? பேச்சுச் சத்தம் கேக்குது, ஆளைக் காணோமேன்னு பாத்தேன்.

சோடாபுட்டி: அவ இருக்காளா ஆண்ட்டி?

அவள் அம்மா: சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கா. சாப்பாடும் இறங்கல. பள்ளிக்கூடமே வேணாங்கிறா.

நெட்டை: நாங்க கூப்பிட்டா வருவா.

அவள் அம்மா: உங்க முகத்துல முழிக்கத்தான் கூசுறா கண்ணு. தன்னால உங்க மார்க்கும் போச்சேன்னு ஒரே புலம்பல். உங்க மேல கோவமே இல்ல.

சோடாபுட்டி: அந்தச் சீட்டு விஷயம்... ஏதாவது சொன்னாளா?

அவள் அம்மா: சொன்னா. யார் பேரையும் எழுத மனசு வராம வெறும் சீட்டை மடிச்சுக் குடுத்தாளாம். அவங்க ரெண்டு பேரும் என்னை விட்டுக்குடுக்க மாட்டாங்கம்மா, மிஸ்தான் தப்பா எண்ணிட்டாங்கன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கா. ஏம்மா, ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க? காலையில நானே வந்து மிஸ்ஸைப் பாத்துக் கேக்கட்டுமா?

நெட்டை: வேணாம் ஆண்ட்டி... மிஸ் சரியாத்தான் எண்ணுனாங்க.