நடுவுல விட்ட இடம்

இல்லீங்கண்ணே, அழகா இருக்குறது வேற, சரியா இருக்குறது வேற. நீங்க அடிச்ச இந்த வரியைப் பாருங்க. பிள்ளையைன்னு ஒரு வார்த்தை, அப்புறம் ஒரு சந்து. திருப்பின்னு ஒரு வார்த்தை, மறுபடி ஒரு சந்து. என் சுண்டுவிரல் உள்ள போகுது. இவ்ளோ எடம் யாருக்காக விட்டீங்க?

ரெண்டு ஓரமும் நேரா வரணும்னா கம்ப்யூட்டரே இழுத்துக்குமா? அது எதுக்கு இழுக்கணும்? துணி பத்தலன்னு இழுத்துத் தைச்சா தையல் வாயைப் பொளந்துக்கும். நான் தைக்கிறவ, எனக்கு அது தெரியும். படிப்பு அஞ்சாவதோட நின்னுபோச்சு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதனால எனக்கு மொதல்ல சந்துதான் கண்ணுல படுது.

கோவிச்சுக்காதீங்க. வீட்ல நான் வாயே தொறக்க மாட்டேன். இன்னைக்கு என்னமோ பேசிட்டே இருக்கேன்.

ஒண்ணு கேக்கட்டா? சித்த முன்னாடி வந்தாரே, என் நாத்தனார் வீட்டுக்காரரு, உங்க காதுல என்னமோ சொன்னாரே. என்னது, ஃபேனை வேகமா வைக்கச் சொன்னாரா? அதை யாராவது காதுல சொல்வாங்களா? சிரிக்காதீங்கண்ணே.

நீங்கதானே அடிச்சீங்க, உங்களுக்கே தெரியும். நானும் என் வீட்டுக்காரரும் வெளியூர்ல தையல் கம்பெனிக்குப் போறோம். அங்க கைக்குழந்தையோட தங்க விட மாட்டாங்களாம். ரெண்டு வருசம் பாப்பா நாத்தனார்கிட்ட இருப்பா. நாங்க வந்ததும் திருப்பிக் குடுத்துரணும். அவ்ளோதான் எழுத்து. நடுவுல யாராவது ஒரு சின்ன வார்த்தையைச் சொருகிட்டா? என் அக்காவையே சந்தேகப்படுறியான்னு என் வீட்டுக்காரரு முறைக்குறாரு. முறைக்கட்டும்.

போன்ல அனுப்புனீங்களே, அது இதைவிட மோசம். இங்க சந்து, அங்க தெருவே போகுது. போன் சின்னதுங்குறதாலயா? அப்ப அதுல இடது ஓரம் மட்டும் ஒட்டி வையுங்க. வலது பக்கம் மேடும் பள்ளமுமா எப்படியோ போகட்டும். பேப்பர்லயும் அப்படியே பண்ணிடுங்க.

வரி முடியிற எடம் காலியா கிடக்குமேன்னு கேப்பீங்க. அதையும் யோசிச்சிட்டேன். பேனாவைக் குடுங்க. ஒவ்வொரு வரியும் முடிஞ்ச எடத்துலேருந்து ஓரம் வரைக்கும் நானே கோடு இழுத்துடுறேன், மிச்சத் துணியை மடிச்சு அடிக்கிற மாதிரி.

ஆங், இப்ப பரவால்ல. விரல் நுழையல.

பாப்பாவா? வெளிய பெஞ்சுல. நாத்தனார் மடியிலதான் தூங்குறா. ஐயோ இல்லண்ணே, அவங்க நல்லவங்கதான். கண்ணுல வச்சுப் பாத்துப்பாங்க. அவங்களுக்குப் பிள்ளை இல்ல பாருங்க. பழகட்டும்னு போன மாசம் பூரா அங்கதான் விட்டிருந்தோம். இன்னைக்குக் காலையில பால் பாட்டிலோட போறேன், பாப்பா அம்மான்னு கூப்பிட்டா. ஓடுனேன். என்னைத் தாண்டி அவங்ககிட்ட கையை நீட்டுறா.

சரி, விடுங்க. கையெழுத்து எனக்கு இடது பக்கம், அவங்களுக்கு வலது பக்கமா? அப்ப மேல பாப்பா பேரை ஏன் நட்டநடுவுல நிக்க வச்சிருக்கீங்க? தலைப்புன்னா அப்படித்தான் போடுவாங்களா?

வேணாம்ணே. ரெண்டு பக்கமும் வெறிச்சுனு இருக்கு. கொஞ்சம் என் பக்கமா தள்ளிடுங்க.